கரையில் இருப்பவள் சொல்ல வேண்டிய வசனம்

மகள்,

இதை வாயால் சொல்ல எனக்குத் துணிவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். நம் கரையில் கட்டு வாய்க்குத்தான், கைக்கு இல்லை என்று விடிந்ததிலிருந்து எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு, மாதா கோயில் கலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ கற்பிட்டியிலிருந்து மன்னாருக்கு, எஞ்சின் இல்லாத கயாக்கில், துடுப்பு வலித்துக்கொண்டு தனியே போனாய். ஒவ்வொரு நாளும் பொழுது படும் நேரத்தில் கழுத்தில் தொங்கும் அந்தச் சின்னக் கருவியை அமத்துவாய். என் போனில் ஒரு பச்சைப் புள்ளி விழும். பச்சை விழுந்தால் நீ ஏதோ ஒரு கரையில் நலமாக ஏறிவிட்டாய் என்று அர்த்தம். முந்தாநாள் பொழுது பட்டது, பச்சை விழவில்லை. நேற்றும் விழவில்லை. இதற்கு அடுத்ததாக எழுத வேண்டிய வசனம் ஒன்று இருக்கிறது. அதை எழுதக் கை வரவில்லை. கைக்கும் கட்டு இருக்கிறது போல.

உன்னோடு சண்டை பிடிக்கத்தான் முதலில் வருகிறது. பயம் வந்தால் நான் ஏசுவேன், உனக்குத் தெரியும். அந்த நிதியுதவி கிடைத்த நாளை யோசித்துப் பார். வெள்ளைக்காரர்களைக் களப்புத் தண்ணீருக்குள் கயாக்கில் கூட்டிப்போகும் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாய். நான் மீன் செதிலோடு நின்றேன். அதையும் பார்க்காமல் கட்டிப்பிடித்தாய். "அம்மா, தந்திட்டாங்க!" என்றாய். "என்னத்தடி?" என்றேன். "மன்னாருக்குப் போறதுக்குக் காசு" என்றாய். "மன்னாருக்கு பஸ் ஓடுதுதானே?" என்று நான் கேட்டதும் நிலத்தில் குந்தியிருந்து சிரித்தாய். உன் அப்பா முதல் எஞ்சின் வாங்கிய நாளில் பங்குச் சுவாமியைக் கூட்டிவந்து ஆசீர்வதித்து, கரையில் நின்ற எல்லாருக்கும் சோறு போட்டோம். நீயோ எஞ்சின் இல்லாமல் போவதற்கு எங்கேயோ இருக்கும் யாரோ காசு தருகிறார்கள் என்று குதித்தாய். உலகம் தலைகீழாகிவிட்டது என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் உன்னைப் பார்த்துக்கொண்டே, "அவள் என்னைவிட நல்லாத் துடுப்பு வலிப்பாள்" என்றார். அந்த மனிதர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் உன்னை மறித்திருப்பேன்.

பிறகு நீ அந்த நிதிக்காரர்களின் ஒழுங்குகளை எனக்கு வாசித்துக் காட்டினாய். கொண்டுபோகும் குப்பையைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். ஆமை முட்டையிடும் மணலில் விளக்கடிக்கக் கூடாது. வில்பத்துக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் கால் வைக்கக் கூடாது. எந்த மீனவர் வாடியில் தங்கினாலும் அந்த ஆட்களின் சம்மதம் கேட்டுத் தங்க வேண்டும், அவர்களுடைய தண்ணீரில் கை வைக்கக் கூடாது. இதையெல்லாம் பொறுப்பான பயணம் என்கிறார்களாம். எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் மரியாதை என்று சொன்னேன். ஒருவரும் போகாத பாதையில் போகிறவர்களுக்குத்தான் இந்தக் காசு என்றும் சொன்னாய். அதற்கு நான் சிரித்த சிரிப்பு பக்கத்து வளவுக்குக் கேட்டிருக்கும். உன் அப்பா வாடி அடித்துக் கருவாடு காயவைத்த கரை, மகள், அது. பத்தலங்குண்டுத் தீவிலிருந்து குதிரைமலை வரைக்கும் அவருக்குத் தெரியாத ஓடை இல்லை. ஆனால் நீ விட்டுக்கொடுக்கவில்லை. நாட்டுச் சண்டை முடிந்து கடல் திறந்த பிறகு நம் தீவுகளுக்கு, தண்ணீரில் ஸ்கூட்டர் மாதிரிச் சத்தம் போட்டு ஓடும் வண்டிகள் வந்துவிட்டன என்றாய். வாடிக்காரர் வலை போட்ட இடத்தில் யாரோ ஹோட்டலுக்கு அளவெடுக்கிறார்கள் என்றாய். மெதுவாக, சத்தமில்லாமல், மீனவக் குடும்பங்களோடு தங்கிப் போகும் ஒரு வழியைக் கண்டுபிடித்துக் காட்டினால் அடுத்த முறை பெரிய உதவி தருவார்கள், நம் கரைப் பெண்கள் அதில் உழைப்பார்கள் என்றாய். உன் முகத்தைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. அதை அன்றைக்குச் சொல்லவில்லை, இன்றைக்குச் சொல்கிறேன்.

அந்த ஒழுங்குகளில் ஒன்று எனக்கானது. கடலில் போகிறவருக்குக் கரையில் பொறுப்பாக ஒருவர் வேண்டும். நீ என் பெயரைக் கொடுத்தாய். அப்பா முல்லைத்தீவுப் பக்கம் தொழிலுக்குப் போகும் பருவம், அதனால் வேறு ஆளும் இல்லை. கதிரையை இழுத்துப் போட்டு என் முன்னால் இருந்து, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னாய். "அம்மா, ஒரு பொழுது பச்சை வராட்டிப் பயப்படாதீங்க. பற்றரி செத்திருக்கும், மழை முகிலா இருக்கும். சும்மா பயந்து கூப்பிட்டீங்களெண்டா பயணத்தை நிப்பாட்டிப் போடுவாங்க, எல்லாம் முடிஞ்சுது. ரெண்டு பொழுது வராட்டி மட்டும் யோசிக்கவே யோசிக்காதீங்க. கரைக்கு ஓடிப்போய்ச் சொல்லுங்க, நேவி காம்புக்குச் சொல்லுங்க, அலுமாரிக் கதவில ஒட்டியிருக்கிற நம்பருக்கும் எடுங்க." பிறகு என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு வசனத்தைச் சொல்லித் தந்து, "எங்க, ஒருக்காச் சொல்லிப் பாருங்க" என்றாய். நான் எழும்பிவிட்டேன். "வாயக் கழுவு" என்று கத்திவிட்டு அடுப்படிக்குப் போய், கழுவின சட்டியையே திரும்பக் கழுவினேன். நீ வாசலில் நின்று, "அம்மா, இது வெறும் பழக்கம்தானே, பரீட்சைக்குப் பாடமாக்கிற மாதிரி" என்று கெஞ்சினாய். கடைசிவரை நான் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று உனக்குத் தெரியும். இந்தத் தாள் வேறு யார் கையில் கிடைத்தாலும் அவர்களுக்கும் தெரியட்டும். எங்கள் கரையில் ஒரு போட் பிந்தினால் வீட்டுக்காரி அதை வாயால் சொல்லமாட்டாள். சொன்னால் அது கடலின் காதில் விழுந்துவிடும் என்று பயம். உலை வைப்பாள், சோற்றைப் பீங்கானில் போட்டு மூடுவாள், வெங்காய விலையைப் பற்றிக் கதைப்பாள். நான் கலியாணம் முடித்து வந்த புதிதில் உன் அப்பா ஒருமுறை பிந்தினார். நான் வாசலுக்கும் கரைக்குமாக ஓடி, வாயைத் திறக்கப் போன நேரம் உன் பெரிய மாமி என் கையைப் பிடித்து இழுத்து, முன்னால் ஒரு கூடை மீனைக் கொட்டி, "வெட்டு" என்றார். வெட்டினேன். கண்ணீரும் செதிலும் ஒன்றாக வழிந்தன. மறுநாள் எஞ்சின் பழுதாகி, இன்னொரு போட்டில் கட்டி இழுத்து அவர் வந்து சேர்ந்தார். பெரிய மாமி என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். நான் மூடிய வாய்தான் அவரைக் காப்பாற்றியது என்று அன்றிலிருந்து நம்பினேன். காப்பாற்றியது இழுத்துவந்த போட்காரன்தான் என்று இன்றைக்குக் காலைவரை எனக்கு ஒருமுறையும் தோன்றவில்லை.

பக்கத்து வளவுப் பிலோமினாவின் கதையையும் அதே கண்ணால்தான் பார்த்தேன். அவளுடைய மனிதன் பிந்திய அன்று அவள் பொறுக்கவில்லை. கரையில் நின்று கத்திக் குழறினாள், ஊரையே எழுப்பினாள். போட்டுகள் போயின. அவன் உயிரோடு வரவில்லை. அவள் வாய்தான் அவனைத் தின்றது என்றார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் மறுத்தும் சொல்லவில்லை. நீ புறப்பட்ட காலையில் அவள் உன்னை வழியனுப்ப வேலியடிக்கு வந்தாள், கையில் ஒரு பை மாசிச் சம்பல் வைத்திருந்தாள். நான் முந்திப்போய் அதை வாங்கிக்கொண்டு, "பிள்ளை போயிட்டுது" என்று பொய் சொன்னேன். நீ அப்போது உள்ளே தலை பின்னிக்கொண்டிருந்தாய். அவளுக்கு அது கேட்டிருக்கும், நீ பாட்டுப் பாடிக்கொண்டல்லவா பின்னினாய். அப்படியே திரும்பிப் போனாள். உன் பயணத்துக்கு நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டு அந்தச் சம்பலை உன் பையில் வைத்தேன்.

முந்தாநாள் பச்சை வராதபோது பற்றரி என்று நினைத்தேன். நீ சொன்னபடிதானே. ஆனால் அன்று மதியமே சோளகக் காற்று வீசத் தொடங்கியிருந்தது. இந்த முறை முந்திவிட்டது. நிதிக்காரர்களின் பதில் பிந்தியதால் உன் பயணமும் பிந்தியது, காற்றோ காத்திருக்கவில்லை. நேற்று முழுக்கத் தென்னைகள் ஒரு பக்கமாகவே சாய்ந்து நின்றன. ஆபத்தென்றால் அமத்த உன் கருவியில் சிவப்புப் பொத்தானும் இருக்கிறது. அதுவும் வரவில்லை என்பதை நல்ல சகுனமாக எடுப்பதா, கெட்டதாக எடுப்பதா என்று தெரியாமல் போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு மாதாவுக்கு முன்னால் இருந்தேன். நேற்றுப் பின்னேரம் அப்பா எடுத்தார். "சாப்பிட்டியா?" என்றார். "ஓம்" என்றேன். "அங்க காத்தா?" என்றார். "கொஞ்சம்" என்றேன். "இங்கயும் மீன் இல்ல" என்றார். அவரும் உன்னைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. போனை வைத்த பிறகு உனக்கும் சேர்த்துச் சோறு போட்டு மூடினேன். பொழுது பட்டது. பச்சை விழவில்லை.

அந்த நேரமே நான் ஓடியிருக்க வேண்டும். நீ அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருந்தாய். ஓடவில்லை, மகள். முதலில், நீ உயிரோடு இருந்து நான் கூப்பிட்டதால் உன் பயணம் நின்றுபோனால், அந்தப் பெரிய உதவி கைநழுவினால், என் முகத்தில் முழிப்பாயா என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் பொறுப்போம், விடிந்தால் வரும் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் அது சாட்டு. உண்மையான காரணம் அந்த வசனம்தான். அதை நான் சொல்லும்வரை அது நடக்கவில்லை என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். விடிந்தது. உன் சோற்றில் எறும்பு ஏறியிருந்தது. தட்டிவிட்டு, திரும்ப மூடிவைத்துவிட்டு, இந்தத் தாள்களைக் கிழித்தேன்.

இவ்வளவும் எழுதிக்கொண்டிருந்தபோது பிலோமினா வந்தாள். கேட்காமல் உள்ளே வந்து, மூடிய பீங்கானைத் திறந்து பார்த்து, என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்காமல் அவள் எப்படி அறிந்தாள் என்று நினைத்தேன். உலை வைக்கும் வீட்டில் புகை வராவிட்டால் அடுத்த வீட்டுக்காரிக்குத் தெரியாதா?

"எத்தின பொழுது?" என்றாள்.

நான் இரண்டு விரலைக் காட்டினேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

"அக்கா, நான் கத்தினதால அவர் சாகேல்ல" என்றாள். "அவரக் கரையில இறக்கேக்க உடம்பு இன்னும் சூடா இருந்தது. தெரியுமா உங்களுக்கு? ஊர்ல ஒருத்தருக்கும் நான் இதச் சொல்லேல்ல. வலை சுத்தி, போட்டப் பிடிச்சுக்கொண்டு கிடந்திருக்கிறார். நான் நல்லாப் பொழுது படுமட்டும் வாய மூடிக்கொண்டு மீன் வெட்டினனான், எல்லாரையும் போல. அதுக்குப் பிறகுதான் கத்தினனான். ஒரு மணித்தியாலம் முந்திக் கத்தியிருந்தா..." அவள் பீங்கானைத் திரும்ப மூடினாள். "அவங்க சொல்லுற மாதிரி என்ர வாய் அவரத் தின்னேல்ல. என்ர வாய் பிந்திப்போச்சு. எழும்புங்க."

இத்தனை வருடமும் அவள் அதைச் சுமந்துகொண்டு, ஊர் சொன்னதையும் சுமந்துகொண்டு, என் வேலியைக் கடந்து போய்வந்திருக்கிறாள். மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு நேரமில்லை. எழும்பி ஓடினேன். பாவாடை காலில் தட்டியது. கரையில் போட்காரன் செபஸ்தியும் மற்றவர்களும் போட்டின் நிழலில் இருந்தார்கள். காற்றுக்குத் தொழில் இல்லை, ஆனால் ஒருவரும் வீட்டுக்குப் போயிருக்கவில்லை, ஒருவரும் வலை பின்னவுமில்லை. என்னைக் கண்டதும் எல்லாரும் எழும்பினார்கள். நீ பாடமாக்கித் தந்த வசனத்தை அங்கே, அந்தக் காற்றில், உரத்துச் சொன்னேன். என் குரல் எனக்கே யாரோ அந்நியப் பெண்ணின் குரல் போல இருந்தது.

"என்ர மகள் இன்னும் வரேல்ல. தேடுங்க."

செபஸ்தி கண்ணை மூடித் திறந்தான். "போட் ரெண்டும் நேத்துப் பின்னேரமே ரெடி, அக்கா" என்றான். "மண்ணெண்ணெயும் ஊத்தியாச்சு. பத்தலங்குண்டால வந்த பொடியங்கள் சொன்னவங்கள், பிள்ளை முந்தாநாள் விடியவே அங்கயிருந்து வெளிக்கிட்டிட்டுதாம், பிறகுதான் காத்து அடிச்சதாம்."

"தெரிஞ்சுமா நிண்டனீங்க?" என்று கேட்டேன்.

"வீட்டால சொல்லு வராம எப்படி அக்கா இறக்கிறது? நாங்க போட்ட இறக்கினா நாங்களே சொன்ன மாதிரித்தானே. நீங்க வருவீங்க, வருவீங்க எண்டு பாத்துக்கொண்டு இருந்தம்."

நான் மணலில் குந்திவிட்டேன். நேற்றுப் பொழுது பட்டதிலிருந்து நான் வாயை மூடியிருந்தேன், அவர்கள் எனக்காகக் கையைக் கட்டியிருந்தார்கள். நடுவில் நீ தண்ணீரில் இருக்கிறாய். அங்கிருந்தே நேவி காம்புக்கு எடுத்து, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அதே வசனத்தைச் சொன்னேன். போனை எடுத்த பொடியன் "அழாதீங்க அம்மா" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிவிட்டு, தாங்களும் இறங்குவதாகச் சொன்னான். போனில் இருந்த நிதிக்காரர்களின் நம்பருக்கும் எடுத்தேன். ஒரு பெண் நிதானமாகப் பேசினாள். பயணம் நின்றுபோகுமா என்று கேட்டேன், அழுகையினூடே அந்தக் கேள்விதான் வந்தது. அதைப் பிறகு பார்ப்போம், முதலில் உங்கள் மகள் என்றாள். அப்பாவுக்கும் எடுத்தேன். அவர் உடனேயே "வெளிக்கிட்டிட்டன்" என்றார்.

நானும் போட்டில் ஏறப் போகிறேன். செபஸ்தி ஒத்துக்கொள்ளவில்லை. பெண்கள் நம் போட்டில் கால் வைப்பதில்லை, இத்தனை வருடம் கடலைத் தின்று வாழ்ந்தும் நான் ஒருமுறையும் வைத்ததில்லை. "இந்தக் காத்தில உங்கள வச்சுக்கொண்டு நான் எதப் பாக்கிறது?" என்றான். அவனுக்கு நான் சொன்னதை உனக்கும் சொல்கிறேன். நீ குதிரைமலைப் பக்கம் காட்டுக்கரையில் எங்கேயாவது ஒதுங்கியிருந்தால், தனியே இருக்கும் பெண்பிள்ளை ஆம்பிளைக் குரல் கேட்டால் ஒளிவாளா, வெளியே வருவாளா? என் குரலுக்கு நீ வருவாய். உன்னைத் தேடும் போட்டில் உன் பெயரைச் சத்தமாகக் கூப்பிட ஒரு வாய் வேண்டும். இவ்வளவு நேரமும் மூடிக்கிடந்த வாய்க்கு வேறு என்ன வேலை இருக்கிறது? என் பின்னால் ஓடிவந்திருந்த பிலோமினா அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவன் மறிக்கவில்லை.

உனக்கு உலர்ந்த உடுப்பும் ஒரு போர்வையும் எடுக்கத்தான் வீட்டுக்கு வந்தேன். கரையில் எஞ்சின் இழுக்கும் சத்தம் கேட்கிறது. அவசரம், எழுத்தைப் பொறுத்துக்கொள். இந்தத் தாள்களை மேசையில் மூடாமல் வைத்துவிட்டுப் போகிறேன், வருகிறவர் வாசிக்கட்டும். நாங்கள் உன்னைக் கண்டுபிடிக்க முதல் நீ வேறு வழியால் வந்து சேர்ந்தால், பிலோமினா வீட்டில் சாவி இருக்கிறது, பழைய சோற்றைக் கொட்டிவிட்டு அவளிடம் சாப்பிடு. என்னை ஏசாதே, வந்து உன் முன்னால் இருக்கிறேன், வேண்டிய மட்டும் அப்போது ஏசு. ஆனால் நீ வந்து, பொழுது பட்டு, எங்கள் போட்டை இன்னும் காணவில்லையென்றால், எனக்காக உலை வைக்காதே, சோறு போட்டு மூடாதே, இரண்டு பொழுது பார்க்காதே. கரைக்கு ஓடு. என் மகள் அல்லவா நீ, என்னைவிடச் சத்தமாகச் சொல்: என்ர அம்மா இன்னும் வரேல்ல. தேடுங்க.